கண்ணாடிக் கேக்கும் காய்ச்சலும்

“கேக்குக்குக் காய்ச்சல் பாக்கிற பொம்புளைய இண்டைக்குத்தான் பாக்கிறன்!”

நௌஷாட் அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு சிரித்தான். றஸீனா திரும்பியும் பார்க்கவில்லை. சட்டியில் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்த கொக்கோக் கூழுக்குள், பார்மசியில் வாங்கிய புத்தம்புதுத் தெர்மோமீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சும்மா இரிங்க. வீடியோவில சொல்றாங்க, முப்பத்தஞ்சு டிகிரிக்கு ஆறினாப் பொறகுதான் கேக்கில ஊத்தணுமாம். நேத்துச் சூடா ஊத்தி என்ன நடந்த எண்டு பாத்தீங்கதானே.”

பார்த்தான்தான். கேக் மொட்டையாக நிற்க, ஊற்றியதெல்லாம் வழிந்து தட்டில் குளம் கட்டிக் கிடந்தது. உண்மையில் அது கண்ணாடிபோல முகம் காட்டவேண்டிய கேக். மகள் நஸ்ஹா குர்ஆன் ஓதி முடித்ததற்கு வெள்ளிக்கிழமை வீட்டில் விருந்து. அதற்கு முன்னால், புதன்கிழமையான இன்றைக்கு ஓர் ஒத்திகை.

ஒத்திகையையாவது அவன் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இந்த அவசரம். வெள்ளிக்கிழமை காத்தான்குடியில் சொந்தக்காரர் அத்தனை பேரும் இந்த வீட்டில் இருப்பார்கள். வாப்பாக்காரன் மட்டும் கட்டாரில் இருப்பான். பிள்ளை பிறந்தபோதும் அவன் கட்டாரில்தான், பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் கட்டாரில்தான். இரண்டு மாத லீவு இன்றோடு சரி. நாலு மணிக்குக் கொழும்பு வேன் வரும்.

“இன்னொருக்காக் கேட்டுப் பாருங்களன். ரெண்டு நாள்தானே?”

“நாலு தரம் கேட்டாச்சு. ‘காய்ச்சல் கீய்ச்சல் எண்டாப் பேசு, விருந்து கிருந்து எண்டாப் போனை வை’ எண்டுட்டான் சூப்பர்வைசர்.”

றஸீனா பெருமூச்சோடு தெர்மோமீற்றரை எடுத்துப் பார்த்தாள். “நூத்தியாறு. முந்தியும் நூத்தியாறுதான். இது ஆறவே மாட்டாது போலிரிக்கி.”

“அட, உதறிட்டு வை புள்ள! உதறாட்டி அது பழைய சூட்டையேதான் பிடிச்சிக்கொண்டு நிக்கும்.” நௌஷாட் கட்டாரில் ஏசி மெக்கானிக். சூடு, குளிர் என்று பேச்சு வந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. “ஒண்ட வீடியோவில சொல்ற முப்பத்தஞ்சு செல்சியஸ், இதில பாரன்ஹீற். இதில அது தொண்ணூத்தஞ்சு. நெஞ்சில எழுதிவை.”

அவள் உதறினாள், மறுபடியும் கூழுக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்துப் பார்த்தாள். இன்னும் ஆறவில்லை. சுவர் மணிக்கூடு இரண்டரை காட்டியது. முன்ஹாலில், கயிறு போட்டுக் கட்டிய சூட்கேசின்மேல் நஸ்ஹா ஏறி உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டதிலிருந்து அப்படித்தான் இருக்கிறாள்; இறங்கச் சொன்னால் அழுகிறாள்.

றஸீனா புருஷனைப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்க, உங்கட முகமென்ன இப்பிடிச் செவந்து கெடக்கு?”

“அடுப்படியில இரிந்தா வெளுக்குமா?”

அவள் நெற்றியில் கையை வைத்தாள். “யா அல்லாஹ், கொதிக்குது! வாயைத் திறங்க.”

கையிலிருந்த தெர்மோமீற்றரை முந்தானையில் ஓர் இழுப்பு இழுத்து, அவன் நாக்குக்கடியில் செருகினாள். நௌஷாட் வாயை மூடிக்கொண்டிருப்பது அபூர்வம். மூன்று நிமிடம் மூடிக்கொண்டிருந்தான். அதற்குள் தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“பாத்தீங்களா, குளிர்ல நடுங்குறீங்க! ஊரெல்லாம் டெங்கு எண்டு ரேடியோவில சொல்லச் சொல்ல, நுளம்புக்குள்ள கரையில போய்க் குந்தினா?”

வெளியில் எடுத்துப் பார்த்தாள். நூற்றிரண்டு.

நௌஷாட் போனை எடுத்தான். தெர்மோமீற்றரை வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்தான். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. காய்ச்சலோடு கேம்புக்குள் கால் வைக்காதே, டிக்கெட்டை மாற்றுகிறேன், பத்து நாள் கழித்து வா.

“வேன்கார றிஸ்லானுக்கு வர வேணாம் எண்டு சொல்லு” என்று போர்வைக்குள்ளிருந்து முனகல் வந்தது.

நஸ்ஹா சூட்கேசிலிருந்து குதித்த குதியில் வீடு அதிர்ந்தது. வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததற்கு ஊரில் வேறெந்தப் பிள்ளையும் இப்படித் துள்ளியிருக்காது. றஸீனா நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பாவம், மனிசன் முகம் சுளிக்காமல் குடித்தான். அவன் காய்ச்சலுக்கு உள்ளுக்குள் சந்தோசப்பட்டதை நினைக்க அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

இந்தக் கலவரத்தில் கூழ் தன்பாட்டில் ஆறிவிட்டது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், சுடவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து கேக்கை எடுத்து, நடுவில் பிடித்து ஒரே ஊற்றாக ஊற்றினாள். ஓர் இடத்தில்கூட மொட்டை விழவில்லை. குனிந்தால் மூக்குத்தி தெரிந்தது.

கேக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலருகே காட்டினாள். நௌஷாட் அதில் தன் முகத்தைப் பார்த்தான், மீசையைச் சரிசெய்தான். பிறகு ஓரத்தில் வழிந்து நின்ற சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

“காய்ச்சக்காரருக்கு இனிப்பு ஆகாது!” என்றாள் றஸீனா.

“ருசி சரியா எண்டு பாத்தன். ஓம், அதே ருசிதான்” என்றான் நௌஷாட். “அடுத்த முறை உதறாட்டியும் பரவால்ல புள்ள, வாயில வைக்க முந்தி நல்லாத் தொடச்சிட்டு வை. மூணு நிமிசம் சிரிப்பை அடக்கி எனக்கு உசிரே போயிட்டு!”