நாலாவது சக்கரம்

“ஏலே ரெக்சா! என் சக்கரத்த எங்கல வச்சிருக்க?”

மெல்வின் போட்ட சத்தத்துக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று பதில் ஊதியது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் உண்டு. கப்பல் ஊதியதோ இல்லையோ, கோயில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது நிஜம்.

திருவிழாக் கைவேலைப் போட்டி. இன்னும் கொஞ்ச நேரத்தில் நடுவர் வந்துவிடுவார். குறையோடு நிற்கிற பொருளுக்குப் பரிசு கிடையாது. மெல்வினின் பந்தயக் காரோ மேஜை மேல் மூன்று சக்கரத்தில் நொண்டிக்கொண்டு நின்றது.

சாதாரணக் காரா அது? நேர்க்கோட்டில் விட்டால், பார்க்கிறவன் தும்மி முடிப்பதற்குள் பந்தயமே முடிந்துவிடுகிற டிராக் ரேஸ் கார். அதன் குட்டி உருவம், முழங்கை நீளத்தில். முரல் மீன் மாதிரி நீண்ட மூக்கு. மூக்கு நுனியில் சைக்கிள் சக்கரம் போல ஒல்லியாக இரண்டு. பின்னால் குண்டாக இரண்டு.

மெல்வின் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கேட் வரிசையில் அவன் லாரியை நத்தைகூட ஓவர்டேக் செய்யும். அந்த ஏக்கமெல்லாம் இந்தக் காரில் இறங்கியிருந்தது. கடையில் வாங்கிய உதிரிபாகம் ஒன்று கிடையாது. பிஸ்கட் டின்னை வெட்டி உடம்பு. பேனா ரீஃபிலை வளைத்துப் புகைக்குழாய். மூக்குச் சக்கரத்துக்கு, மீன் தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்பில் ஆரக்கால். பின் டயர் இரண்டும் மனைவி டெல்பினுடைய புதுச் செருப்பு. பாய்கிற வண்டியை இழுத்து நிறுத்த வாலில் பாராசூட். அது அவளுடைய குடை.

டெல்பின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “கப்போட வந்தா காரு வீட்டுக்குள்ள வரும். இல்லன்னா பழைய இரும்புக்காரன்ட்ட போவும். வெறுங்கால்ல, மழையில நனைஞ்சுக்கிட்டே போயி நானே போட்டுட்டு வருவேன்.”

அடுத்த மேஜையில் ரெக்சன் செய்த குட்டித் தோணி. வருஷா வருஷம் கப் அவனுக்குத்தான். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிறவன். பாய்மரம், நங்கூரம், தோணியைத் திருப்பச் சுற்றிலும் பிடி வைத்த சுக்கான் சக்கரம், சமையல்காரனின் அடுப்பு, அடுப்பின் மேல் மீன்குழம்புச் சட்டி என்று ஒன்றையும் விடமாட்டான்.

“உன் சக்கரத்த நான் எதுக்குல எடுக்கேன்?”

“பெறவு ஏன் குனிஞ்சு குனிஞ்சு பாத்த? கையில குறடு வேற!”

“நல்லா இருந்துச்சு, பாத்தேன். பாக்கது குத்தமா? பையத் தேடுல. மூணு சக்கர வண்டிய ஜெயிச்சு எனக்கு என்ன பெருமை வந்துரப்போவுது?”

“களவாணிப்பய பேச்சப் பாரு! இரு, நடுவரையே கூட்டிட்டு வாரேன்.”

நடுவர் ஜீவமணி அண்ணாச்சி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் டீயை ஆற்றிக் குடித்து, வாயைத் துடைத்து எழும்புவதற்குள், ரெக்சனுடைய தாத்தா திருடிய தேங்காய் வரைக்கும் மெல்வின் சொல்லி முடித்துவிட்டான்.

உள்ளே வந்தால், காருக்கு நாலு சக்கரம்.

“பாத்தியளா அண்ணாச்சி? பயத்துல மாட்டிட்டான்!”

ரெக்சன் சட்டையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சுவர்ப்பக்கமாக இருந்த அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்க்கப் போனான் மெல்வின். “ஆரும் கிட்ட வரப்பிடாது!” என்று ஜீவமணி விரட்டிவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காரை மோந்தும் பார்த்தார்.

“பின்டயரு என்னல, செருப்பு வாடை அடிக்கி?”

“டெல்பினோடது அண்ணாச்சி.”

“ரெண்டு காலுமா?”

“ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்லா.”

பிறகு தோணிக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். “ரெக்சா, குறை இருக்கேல?” என்றார்.

“தெரியும் அண்ணாச்சி.”

கப் மெல்வினுக்கு. காரையும் மேடைக்குத் தூக்கி வந்தார்கள். கப்பை வாங்கிய கையோடு மைக்கையும் வாங்கினான் மெல்வின்.

“களவாண்டவனுக்குக் கப்பு கிடைக்காது! இந்த வண்டியில அடுத்தவன் கைபட்ட சாமான் ஒரு துணுக்கு கிடையாது!”

டெல்பின் வெறுங்காலோடு எழும்பி நின்று கைதட்டினாள்.

பெருமையில் வேர்த்துவிட்டது. நெற்றியைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினான். அதிலிருந்து என்னவோ விழுந்து, உருண்டு, மேடைப்படி இறங்கி, முன்வரிசையில் ரெக்சன் காலில் முட்டி நின்றது.

ஒல்லிச் சக்கரம். தங்கூசி ஆரக்கால்.

பசை சரியாகக் காயவில்லை, லாரிக் குலுக்கலில் கழன்று தொலைந்துவிடும் என்று காலையில் தானே கழற்றி, கைக்குட்டையில் பொதிந்து வைத்தது மெல்வினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்படியானால் காரில் இருப்பது?

பார்த்தான். இடப்பக்க மூக்குச் சக்கரத்துக்கு மர ஆரக்கால். விளிம்பைச் சுற்றிலும், நீட்டிக்கொண்டிருந்த பிடிகளை அராவி எடுத்த தடம். மண்டபத்துக் கோடியில் தோணி தெரிந்தது. சுக்கான் சக்கரம் இருந்த இடத்தில் மொட்டைக் குச்சி.

மெல்வின் மைக்கை மெல்லக் கீழே இறக்கினான்.

“என்னல அது, உருண்டு வந்துச்சு?” என்று கேட்டார் ஜீவமணி.

ரெக்சன் குனிந்து எடுத்தான். தூசியை ஊதி, மேடையை நோக்கி நீட்டினான்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. லாரிக்காரன்லா, ஸ்டெப்னி வச்சிருக்கான்.”