ஸ்டார் போட்ட ஃபைல்

“இன்னாது, எல்லா ஷூ டிசைனும் அழிஞ்சுபோச்சா?” ஆம்பூர் கம்பெனி முதலாளி ஆபித் பாஷா அலறினார்.

“ரிஜெக்ட் ஆனதை மட்டும் அழிக்கத்தான் ஸ்கிரிப்ட்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன் சார்,” என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் சூரியபிரகாஷ். “அதுல ஒரு ஃபைலுக்கு வெறும் ஸ்டார் குறியைப் பேரா வெச்சிருக்காங்க. நான் அந்தப் பேரை மேற்கோள் குறிக்குள்ள போடாம விட்டுட்டேன். வெறும் ஸ்டார்னா, இருக்கறது எல்லாத்தையும் அழின்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு.”

“நல்ல தோலுக்கு நாம ஸ்டார்தானே போடுவோம்? நல்ல டிசைனாச்சேன்னு அந்த நெனப்புல வெச்சுட்டேன். அப்புறம்தான் அது ரிஜெக்ட் ஆச்சு,” என்றாள் டிசைனர் புஷ்ரா.

“பேக்கப்?”

“அதெல்லாம் வெட்டிச் செலவுன்னு நீங்கதான் சார்…”

ஆபித் பாஷா தலையில் கைவைத்தார். டிசைன் வெளியே போகக்கூடாதென்று கேட்டில் பைகளைச் சோதிக்க ஆள் போட்டிருப்பவர் அவர்.

“யாராவது திருட்டுத்தனமா காப்பி எடுத்திருந்தா குடுங்கம்மா. சத்தியமா ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்றார் கூடியிருந்த எல்லோரையும் பார்த்து.

தயங்கியபடி புஷ்ரா மேஜைமேல் ஒரு பென் டிரைவை வைத்தாள். அடுத்து சூப்பர்வைசர் பாண்டியன். அப்புறம் அக்கவுன்ட்ஸ் ஜோதி. மேஜை நிறைந்தது.

“கேட்ல சோதிச்சுமா இவ்ளோ? கூப்பிடு அந்த செக்யூரிட்டியை!”

ராமமூர்த்தி ஓடிவந்தார். மேஜையைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

“இந்தாங்க பாய், என்னுது. இதுல நேத்து போட்ட டிசைன் வரைக்கும் இருக்கு.”