ஒன்பது சதவீதம்

ஹீட்டரை அணைத்தார்.

கண்ணாடியின் ஓரங்களில் மூச்சு படியத் தொடங்கியது. கையுறையால் துடைத்தார். திரையில் பேட்டரி நாற்பத்திரண்டு சதவீதம் என்றிருந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போது தொண்ணூற்றாறு. குளிர் காருக்கும் பசியைக் கொடுத்திருந்தது.

முன்னால் மலைப்பாதையின் தடைக்கட்டை. அதன்முன் பதினொரு வாகனங்கள். பனி அள்ளும் லொறி வழி திறந்து போக, எல்லோரும் அதன் பின்னால் வரிசையாக மலையைக் கடக்க வேண்டும். இன்றைக்கு இதுதான் கடைசி வரிசை.

மஞ்சள் மேலங்கி போட்ட நோர்வேக்காரி ஒருத்தி ஒவ்வொரு காராகக் குனிந்து விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"மின்சாரக் காரா? எவ்வளவு இருக்கிறது?"

"நாற்பத்திரண்டு."

"மேலே காற்று பலம். நடுவில் நிற்க வேண்டி வரலாம். அவசரமில்லை என்றால் திரும்பிப் போங்கள்."

அவர் யோசித்தார்.

அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தாறு வருடம் ஒரு சொல்லைச் சொல்லாமலே.

"அவசரம்தான்," என்றார்.

கட்டை உயர்ந்தது.

ஏற்றத்தில் பெடலை மிக மெல்லவே அழுத்தினார். கொஞ்சம் கூடினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். டயரில் பதித்த ஆணிகள் பனிக்கட்டியைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உச்சியில் வரிசை நின்றது.

எல்லாம் வெள்ளை. முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பின்னால் ஒரு டீசல் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய கார் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்தது. யோசிப்பதைத் தவிர அதற்குள் செய்ய வேறொன்றும் இல்லை.

நோர்வேயின் வடக்கே, கடலோரத்து மீன் தொழிற்சாலை. ஒரே மேசை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் புனிதமலர். இரண்டு வருடம் எதிரெதிரே நின்று மீன் வெட்டினார்கள். பிறகு அவளுடைய தமையன், மலைக்கு அந்தப் பக்கம் வேலை செய்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தான்.

முப்பத்தாறு வருடத்துக்கு முன், அவள் புறப்பட்ட நாளில், அவளுடைய சூட்கேஸை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது அவர்தான். சொல்ல ஒன்று இருந்தது.

"கனமில்லை," என்று மட்டும் சொன்னார்.

அவர் கலியாணம் செய்யவில்லை. ஏனென்று கேட்டவர்களிடம் வேலை நேரத்தைக் காரணம் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க எடுத்த போன், ஞாயிறுதோறும் என்றாகிவிட்டது. குளிரைப் பற்றிப் பேசுவார்கள். மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள்.

போன ஞாயிறு அவள் சொன்னாள்.

"எத்தினை நாளைக்குப் போனிலயே கதைக்கிறது? ஒருக்கா வாங்கோவன்."

கால் விரல்கள் மரத்துப் போயின. பத்து நிமிடம் ஹீட்டரைப் போட்டார். திரையில் இருபத்தாறு ஆனதும் அணைத்தார்.

வரிசை நகர்ந்தது.

இறக்கத்தில் சார்ஜ் கொஞ்சம் திரும்பி ஏறும் என்பார்கள். உறைந்துபோன பேட்டரி அதிகம் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வளைவில் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

நகரத்தில் அது சுகம். காலை எடுத்தாலே மோட்டார் காரை இழுத்துப் பிடிக்கும். பனிக்கட்டியில் அது பின்சக்கரங்களை மட்டும் இறுக்கியது. காரின் பின்பக்கம் வெளியே ஒதுங்கியது. மெதுவாக. சத்தமில்லாமல். இரண்டு தொன் இரும்பு, பள்ளத்தை நோக்கி.

பிரேக்கைத் தொடவில்லை. சறுக்கும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினார். பெடலை ஒரு மயிரளவு தொட்டார்.

டயர் பிடித்தது.

பள்ளத்தின் ஓரத்தில் நட்டிருந்த கம்புக்கு ஒரு முழமே இருந்தது.

"மலர்," என்று தன் வாய் சொன்னதைக் கேட்டார். போனில் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

காரை அங்கேயே நிறுத்தினார். பின்னால் டீசல் வண்டி பொறுத்து நின்றது. மோட்டாரின் இழுப்பைத் திரையில் ஆகக் குறைந்த அளவுக்கு மாற்றிவிட்டு மலையை இறங்கினார்.

சிவப்பு மரவீடு. பின்னேர வெளிச்சம் நீலமாகியிருந்தது. அவள் வாசலில் சப்பாத்தோடு நின்றாள். அவர் நினைத்து வைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். தலை முழுக்க நரைத்திருந்தது.

"கை நடுங்குது," என்றாள்.

"குளிர்."

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு கிடக்கு?"

"ஒன்பது."

"பாதை?"

"பூட்டிப்போட்டாங்கள். நாளைக்குக் காலமைதான் திறப்பாங்களாம்."

அவள் தெருவின் கோடியைப் பார்த்தாள்.

"கீழ சந்தியில கெதியா சார்ஜ் ஏத்துற இடம் ஒண்டு இருக்கு. அரை மணித்தியாலம்தான். பக்கத்தில ஹொட்டலும் இருக்கு."

"ம்."

அவர் காரில் ஏறவில்லை. அவள் உள்ளே வரச் சொல்லவுமில்லை. இருவருடைய தோளிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் உள்ளே போனாள்.

சமையலறை ஜன்னல் திறந்தது. நீளமான வயர் ஒன்று பனிமேல் வந்து விழுந்தது.

"வீட்டுக் கரண்டில மெதுவாத்தான் ஏறுமாம்," அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "பக்கத்து வீட்டில கேட்டு வச்சனான். நிரம்ப ரெண்டு நாள் எடுக்குமாம்."

அவர் குனிந்து வயரை எடுத்தார்.