கூடாரம் சம்மதிக்க வேண்டும்

தேனியிலிருந்த அந்த மலையேற்றக் கடையில் குமரவேள் எந்தக் கூடாரத்தைத் தொட்டாலும் அதன் ஜிப் இறுகிக்கொண்டது. நம்பகமான சாமானை ஆட்கள் தேடிய காலம் போய், நம்பகமான ஆளைச் சாமான்கள் தேடும் காலம் அது. விடிந்தால் அவனும் மனைவி பவித்ராவும் மேகமலைக் காட்டுக்குள் நடக்கவேண்டும். கூடாரம் இல்லையென்றால் பயணமே இல்லை.

"போன தடவை நீங்க பண்ணினது எங்க எல்லாருக்கும் தெரியும்," என்றது பச்சைக் கூடாரம். "நனைஞ்ச கூடாரத்தைக் காயவைக்காம சுருட்டிப் பரண்ல போட்டீங்க. பாவம், பூஞ்சை பிடிச்சே செத்துச்சு."

"அன்னிக்கு ரொம்ப அசதிங்க," என்று குழைந்தான் குமரவேள். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவன் இவ்வளவு பவ்யமாக நின்றதில்லை.

"உங்ககூட ரொம்ப நாளா இருக்கிற யாராவது சொன்னாத்தான் நம்புவேன்."

பவித்ரா சாவகாசமாகக் கையைத் தூக்கினாள். "நான் இருக்கேன்."

குமரவேள் அவளைப் பார்த்துக் கெஞ்சலாகக் கண்ணைக் காட்டினான்.

"மழை வந்தா இவரு எப்படிம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "குடையை வீட்டுலயே மறந்துட்டு வந்துருவாரு. ஆனா சட்டையைக் கழட்டி என் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டே நடப்பாரு. வீடு வர்ற வரைக்கும் கையை இறக்கமாட்டாரு."

பச்சைக் கூடாரத்தின் ஜிப் மெல்லத் திறந்தது.

"சரி, வர்றேன். ஆனா திரும்பி வந்ததும் என்னைக் காயப்போடுறது நீங்கதாம்மா."

"அதானே பார்த்தேன்," என்றாள் பவித்ரா. "சுத்திச் சுத்தி என் தலையிலதான் விடியும்."