ஆமென் வரைக்கும்

"இன்னைக்கு இருக்கு அவளுக்கு!"

ஆஸ்பத்திரிப் படியேறும்போதே தலைவியம்மா பல்லைக் கடித்தார். சபையின் ஜெபக்குழுவுக்கு ஆறு வருஷமாக அவர்தான் தலைவி. கைப்பையில் புகார்க் கடிதம் தயாராக இருந்தது. கீழே பத்துப் பேர் கையெழுத்து.

"யாருக்கு அண்ணி?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள் கூட வந்த நாத்தனார்.

"வார்டுல தரை துடைக்கிறாளே, அவளுக்குத்தான். ஜெபத்துக்கு நாம கண்ணை மூடுற வரைக்கும் ஒரு மூலையில சும்மா நிப்பா. மூடினோமோ இல்லையோ, வாளியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவா. போன வாரம் நான் 'ஆண்டவரே'ங்கிறேன், டமார்னு ஒரு சத்தம். வேணும்னே பண்றா."

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? 'சரிம்மா'ன்னு தலையை ஆட்டுவா. அடுத்த வாரம் அதே கூத்து. இந்தக் கடிதம் மேலே போகட்டும், மறுநாளே சீட்டு கிழியும்."

கிழியத்தான் செய்யும். ஒப்பந்தக் கூலிக்காரியை வேலையை விட்டுத் தூக்க ஒரு வரிப் புகாரே போதும். தலைவியம்மா எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம்.

பொது வார்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இருபது கட்டிலுக்கு நாற்பது சொந்தக்காரர்கள். தலைவியம்மா கட்டில் கட்டிலாக நின்று நலம் விசாரித்துப் பழம் கொடுத்தார். பதினெட்டாவதோடு திரும்பிவிட்டார். அதற்கு அப்பால் அவர் போவதே இல்லை. கடைசிக் கட்டில் பெரியவரிடமிருந்து வரும் நாற்றம் அவருக்கு ஆகாது. பெரியவருக்கும் சேர்த்துத்தானே ஜெபிக்கிறோம், ஆண்டவருக்குத் தூரம் ஒரு பொருட்டா என்பது அவர் கட்சி.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நோயாளிங்க, பார்க்க வந்தவங்க, எல்லாரும்தான். ஒரு கண்ணுகூடத் திறந்திருக்கக் கூடாது!"

மூடினார்கள். அந்த அதட்டலுக்குப் பெரிய டாக்டரே மூடியிருப்பார்.

"அன்பே உருவான ஆண்டவரே..."

டங்! வாளிதான். அப்புறம் சளக் சளக்கென்று தண்ணீர்.

தலைவியம்மாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. எல்லாரையும் நேசிக்கிற இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வாய் சட்டென்று ஆமென் சொல்லி முடித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதல்முறையாகக் கடைசிக் கட்டில் வரை போனார்.

"ஏம்மா, ஜெபம்னா உனக்கு அவ்வளவு இளக்காரமா? இன்னைக்குக் கையும் களவுமா மாட்டிக்கிட்டே!"

கட்டிலில் கிடந்த பெரியவர் அவசரமாகப் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அவள் பதறிப்போய்க் கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. அவருக்குக் கூச்சமா இருக்கும்."

"அப்படி என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"துடைச்சுத் துணி மாத்திக்கிட்டிருந்தேன். அவருக்குப் போறதே தெரியாதும்மா. கேக்க நாதியில்ல. என் வேலை இல்லதான், ஆனா பார்த்துக்கிட்டு எப்படிப் போறது? மறைக்க ஒரு தட்டி கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. மத்த நாள்ல பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை பகல் பூரா ஜனம். இத்தனை பேர் பார்க்கத் துணியை அவுக்காதேன்னு அழுவார். ராத்திரி வரைக்கும் ஈரத்துலயே கிடப்பார்."

"அதுக்கு, ஜெபம் நடக்கும்போதுதானா?"

"நீங்கதானேம்மா எல்லாரையும் கண்ணை மூடவைக்கிறீங்க. எங்களுக்குக் கிடைக்கிறது அந்த நேரம்தான்."

தலைவியம்மாவின் கைக்குட்டை கீழே இறங்கியது.

அவள் இன்னும் கிட்டே வந்து, பெரியவர் காதில் விழாதபடி கெஞ்சினாள்:

"கோவிச்சுக்காதீங்கம்மா. அடுத்த வாரம் ஜெபத்தை இன்னும் ரெண்டு நிமிஷம் நீட்டிப் பண்ணுங்க. இன்னைக்குப் பாதி துடைக்கிறதுக்குள்ள ஆமென் சொல்லிட்டீங்க."