கழுவிக் கவிழ்த்த சாடி

யோசப்பின் தன் வைன் சாடிக்குள் கையை விட்டுத் துடைத்து, துணியை முகர்ந்து பார்த்தாள்.

வினாகிரி.

சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, மூன்று நாள் வெயிலில் வைத்த சாடி. போன வருடத்துப் புளிப்பு இன்னும் போகவில்லை.

அதற்கு முந்தின வருடம் சவர்க்காரம் போட்டாள். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் கண்ணில் படாத காலம். ஒளித்து வைத்திருந்த அரைக் கட்டியைக் கரைத்தாள். வைனும் சவர்க்காரமாகவே இருந்தது.

அதற்கும் முந்தி, கிணற்றுக்குப் போடக் கொடுத்த குளோரின் தூள். நத்தார் பண்டிகைக்கு வந்த பங்குச் சுவாமி ஒரு மிடறு குடித்துவிட்டு, கேக் நன்றாக இருக்கிறது என்றார்.

இன்று காலை புருஷன் செல்வரட்ணம் கடலிலிருந்து வந்து, கால் கழுவமுன்னமே சொன்னான்.

“மகளின்ரை கலியாணத்துக்கு வைன் போட அக்காவைக் கேக்கப்போறன். உன்ரை வைனைக் குடிச்சால் மாப்பிள்ளை பகுதி அப்பிடியே எழும்பிப் போயிடுவினம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்த ஒழுங்கை வீடுகளில், பெண்ணின் தாய் போட்ட வைனைத்தான் மணமக்கள் முதல் வாய் குடிப்பார்கள். குடித்ததும் யாராவது ஒருவர் யார் போட்டது என்று கேட்பார். தாய் எழுந்து நிற்பாள்.

அக்கா என்றால் அவனுடைய தமக்கை பெர்னடெட். அடுத்த வளவு. மகளின் ஞானஸ்நானத்துக்கு அவளுடைய வைன். முதல்நன்மைக்கும் அவளுடைய வைன். ஒரு வருடமும் புளித்ததில்லை. சாடியை எதால் கழுவுகிறீர்கள் என்று யோசப்பின் ஆறு வருடமாகக் கேட்கிறாள்.

“வேறை என்னத்தாலை? சாம்பல்தான்” என்பாள் பெர்னடெட், எங்கோ பார்த்துக்கொண்டு.

யோசப்பின் துணியைப் பிழிந்தபடி நிமிர்ந்தாள். வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்கு அப்பால், கிணற்றடியில், பெர்னடெட்டின் சாடி கவிழ்ந்திருந்தது. ஆளைக் காணவில்லை.

குனிந்து பொட்டுக்குள்ளால் போனாள்.

சாடியைச் சரித்தாள். கீழே ஒரு சிரட்டை. அதற்குள் கருகிய துணித்திரி. விளிம்பில் மஞ்சள் தூள். நெருப்புக்குச்சி உரசிய மணம் மூக்கில் ஏறியது.

கந்தகம். தோட்டக்காரர் முந்திரிகைக் கொடிக்குத் தூவுவது. தடை வந்த நாளிலிருந்து அவர்களுக்கே கிடைக்காதது.

ஆறு வருடக் கேள்விக்கான பதில், கந்தகப் புகை, சிரட்டைக்குள் கிடந்தது. அவளுக்கு அது போதவில்லை.

புளித்த துணி கையிலேயே இருந்தது.

அதைச் சாடிக்குள் விட்டாள். அடியில் ஒரு சுற்று. வயிற்றில் ஒரு சுற்று. கழுத்தில் ஒரு சுற்று. பிள்ளைக்கு எண்ணெய் பூசுவதுபோல ஆற அமரப் பூசினாள். பிறகு இருந்தபடியே கவிழ்த்து வைத்தாள்.

“வந்திட்டியே? நானே கூப்பிட வெளிக்கிட்டனான்.”

பெர்னடெட் குசினியிலிருந்து வந்தாள். இடுப்பில் கடகம். கடகம் நிறையக் கறுத்த முந்திரிகைக் குலைகள்.

“தம்பி வந்து கேட்டவன். நல்லாப் பேசி அனுப்பிப்போட்டன். தாய் இருக்க மாமியே வைன் போடுறது? இந்தச் சாடியைக் கொண்டுபோ. உனக்கெண்டுதான் புகை பிடிச்சு வைச்சனான். தண்ணி காட்டாமல் அப்பிடியே பழத்தைப் போடு. மிச்சக் கந்தகம் என்ரை மற்றச் சாடிக்கு ஒருக்காத்தான் காணும்.”

யோசப்பினின் துணி பிடித்த கை முதுகுக்குப் பின்னால் போனது.

பெர்னடெட் சாடியை நிமிர்த்தினாள். பழம் போடுமுன் எப்போதும் செய்வதுபோல முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தாள்.

உடனே நிமிரவில்லை.

பிறகு கடகத்தைக் கிணற்றுக்கட்டில் இறக்கி வைத்தாள். உள்ளே போய் ஒரு சிறிய கடதாசிச் சரையோடு வந்தாள். அதிலிருந்த கந்தகம் முழுவதையும் சிரட்டையில் கொட்டினாள். சரையை விரித்து, ஒட்டியிருந்ததையும் விரலால் தட்டி விழுத்தினாள்.

யோசப்பினைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“அந்தத் துணியைத் தா, மச்சாள். காய்ஞ்சால் திரிக்கு ஆகும்.”