பச்சைக் கோடு

கழுவும் உருளையில் ஹால்வர் போட்டது ஐம்பது வெற்றுத் தோட்டாக் கூடுகள். தட்டில் கொட்டி எண்ணினால் ஐம்பத்தொன்று. தொடர்ந்து ஐந்தாவது சனிக்கிழமையாக இப்படி.

ஒவ்வொன்றையும் விளக்கடியில் உருட்டிப் பார்த்தான். விரிசல் கண்டதை இடுக்கியால் நசுக்கினான். மறதியாக அதில் மறுபடி வெடிமருந்து நிரப்பிவிடக் கூடாதல்லவா? அடியில் சிவப்புக் கோடு இருந்தால் அவனுடையது. கூடுதலாக வந்த கூட்டில் பச்சைக் கோடு. பச்சை, வேட்டைக் கூட்டாளி எம்மெட்டின் நிறம்.

“பித்தளைய அடைகாக்குறீங்களா? சூப் ஆறுது, வாங்க!” சமையலறையிலிருந்து மனைவி மார்லிஸ் கத்தினாள்.

செப்டம்பரில் நதியின் அக்கரையில் எம்மெட்டின்மேல் கரடி பாய்ந்தபோது அவனுடைய ஆறு தோட்டா ரிவால்வரிலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம்தான் கேட்டது. “சிலிண்டர் சுத்த மாட்டேங்குதுடா ஹால்வர்!” என்று அலறினான். அடிப்பக்கம் தளர்ந்த கூடு வெடித்தால் அப்படித்தான் சிக்கிக்கொள்ளும். அவனுடைய கூடுகளைச் சோதித்து நிரப்பிக் கொடுத்தவன் ஹால்வர். பேச்சு சுவாரசியத்தில் கடைசிச் சிலவற்றைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஆளையும் துப்பாக்கியையும் நதி கொண்டுபோனது. அந்தத் துப்பாக்கிக்குள் மிச்சம் ஐந்து தோட்டாக்கள் வெடிக்காமல் இருந்தன.

இதுவரை வந்த நான்கு பச்சைக் கூடுகளும் வெடித்தவை, சில்லிட்டிருந்தவை. ஐந்தாவதும் வெடித்ததுதான். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

“ஏங்க, எம்மெட்டோட நாயப் பாருங்களேன்! அவர் போனதுலேர்ந்து மூலையிலயே கெடந்துச்சு. இப்ப ஆத்துப் பக்கம் பாத்து வால ஆட்டுது. யாரு வர்றாங்க?”

ஹால்வர் விரல்களை மடக்கினான். கையிலிருந்த கூடு இன்னும் சூடாக இருந்தது.